பண்ணாடி கேட்ட குடை

ஆனைமலை அடிவாரத்தில் சென்னியப்பர் என்றொரு பண்ணாடி, பெரிய தோட்டத்து முதலாளி. தான் கட்டிய புதுப் பங்களா ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டுமென்று, கோக்கோக் கன்றுகளுக்கு நிழல் தந்த அகத்தி மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டார். அந்த வருஷமோ மாசியிலேயே சித்திரை வெயில் கொளுத்தியது. கன்றுகள் கருகின.

தண்ணீர் பாய்ச்சும் மயிலாத்தாளைக் கூப்பிட்டார்.

“நிழல்லயே வெச்சுச் செல்லம் குடுத்து இதுகளைக் கெடுத்துப்போட்டே. இனி வெயில் இப்படித்தான் அடிக்கும். பழக்கு! முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“பழக்கிடலாமுங்க. ஆனா நான் சொன்னா இதுக கேக்க மாட்டீங்குது. பண்ணாடி ஒருக்கா நேர்ல வந்து சொன்னீங்கன்னா, அடங்கிருமுங்க.”

பண்ணாடிக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாள் நடுப்பகலில், தோட்டத்து ஆட்களெல்லாம் வேடிக்கை பார்க்க, கன்றுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“வெயிலைப் பொறுத்துக்கோணும்! என்னையப் பாருங்க!” என்று கன்றுகளை அதட்டினார். அடுத்த புத்திமதி வாய்க்கு வருவதற்குள், நேற்றுக் குளிர்ந்த உச்சி தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டது.

“மயிலா, குடை! குடையைக் கொண்டா!”

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். விரித்து, பக்கத்துக் கன்றுக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அடியே, எனக்கு!”

“பண்ணாடிக்குங்களா? நிழல் குடுத்தாக் கெட்டுப்போயிருவீங்களோன்னு பயந்துட்டனுங்க.”

அன்று சாயங்காலமே கன்றுகளுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் ஏறியது. அகத்தி விதை வாங்க ஆள் போனது. பங்களாவா? இப்போதெல்லாம் அது ரோட்டிலிருந்து தெரிவதில்லை.