உறை பிரிக்காத நாற்காலி

"ஊர்லேருந்து ஒருத்தரும் வர்றதில்லைம்மா" என்றார் பேராசிரியர் திருவேங்கடம்.

ஏரிக்கரை மடத்து அம்மா புளியம்பழத்தின் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் மனம் தவிக்கிறபோதெல்லாம் அவர் அவளிடம்தான் வருவார். போக வேறு இடம் இல்லை.

"எங்கே வர்றதில்லை, வாத்தியாரே?"

"என் அறைக்கு. ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொழிலை வளர்க்கணும்னு எனக்கு ஒரு அறை குடுத்தாங்க. வாசல்ல பலகை. உள்ளே ரெண்டு நாற்காலி. ஒண்ணுல நான். எதிர் நாற்காலி கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோட அப்படியே கிடக்கு. எட்டு மாசம் ஆச்சு."

"கூப்பிட்டீங்களா?"

"எல்லா ஜவ்வரிசி ஆலைக்கும் கடிதம் போட்டேன். விழாகூட வெச்சேன். பொன்னாடையெல்லாம் மடிப்புக் கலையாம அலமாரியில இருக்கு."

"வராட்டி என்ன? நிம்மதியா இருங்களேன்."

"எப்படிம்மா? ஊர்ல ஜவ்வரிசி பழுப்பாகுது. வியாபாரி தொட மாட்டேங்கிறான். ஆலையை ஒண்ணொண்ணாப் பூட்டுறாங்க. மரவள்ளிக் கிழங்கு காட்டுலயே அழுகுது. காரணத்தை எங்க ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சாச்சு. போர் தண்ணியில இரும்பு. அதை வடிகட்டினாப் போதும். சொல்லத்தான் ஆள் கிடைக்கலை. இந்த மாசத்தோட அறையையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

"நீங்களே போய்ச் சொல்றது?"

"முறைன்னு ஒண்ணு இருக்கேம்மா. அவங்கதானே வரணும்?"

அம்மா ஒரு பழத்தை உடைத்தாள். கொட்டையை ஒரு பக்கம் போட்டாள், சதையை ஒரு பக்கம் போட்டாள்.

"வியாழக்கிழமை நான் வர்றேன். பத்து மணிக்கு. யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க."

வியாழக்கிழமை அவர் நாற்காலியின் உறையைப் பிரித்தார். அதன் கைகளைத் துடைத்தார். பிளாஸ்க்கில் டீ வாங்கி வைத்தார்.

பத்து ஆயிற்று. பதினொன்று ஆயிற்று.

நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து நின்றார். சத்தம் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

மதியம் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார். எதிர் நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிட்டார். உறையோடு இருந்தபோது அது இவ்வளவு காலியாகத் தெரியவில்லை.

"நீங்களுமா, அம்மா?" என்று அதைப் பார்த்துச் சொன்னார். சொன்னதும் வெட்கமாகிவிட்டது.

ஐந்தரைக்குத்தான் அறையைப் பூட்டினார். பேராசிரியர்களின் பேருந்து பின்வாசல் வழியாக வரும், பின்வாசல் வழியாகவே போகும். அன்று அது போய்விட்டிருந்தது. முன்வாசலை நோக்கி நடந்தார். அந்தப் பக்கம் அவர் நடந்து வருஷக்கணக்கு ஆகிறது.

காவலர் கூண்டுக்கு வெளியே, சிமெண்டுத் திட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் வேர்க்கடலைத் தோல்.

"அம்மா! எப்ப வந்தீங்க?"

"ஒன்பதே முக்காலுக்கு."

"நாள் முழுக்க இங்கேயேவா?"

காவலர் செங்கோடன் பதறி எழுந்தார். "என்மேல தப்பு இல்லைங்க சார். யாரைப் பார்க்கணும்னு கேட்டேன். படிச்சவங்க யாரையாச்சும்னு சொன்னாங்க. அப்படியெல்லாம் எழுத முடியுங்களா? பேர் வேணும். பதிவேட்டுல அந்தக் கட்டம் காலியா இருந்தா என்னைத்தான் பிடிப்பாங்க."

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா!"

"ஆலைக்காரங்களுக்கு உங்க பேர் தெரியுமா?"

"கடிதம்தான் போட்டேனே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அத்தனை கடிதத்திலும் கீழே ஒரே கையெழுத்து. 'பதிவாளருக்காக.' அதுதான் வழக்கம். அதில் அவர் பெயர் கிடையாது.

"இவங்க மட்டும் இல்லைங்க சார்" என்றார் செங்கோடன். "அடிக்கடி வருவாங்க. கையில ஜவ்வரிசி மாவுப் பொட்டலம் இருக்கும். உள்ள யார்கிட்டயாவது காட்டணும்பாங்க. யார்கிட்டன்னு கேப்பேன். முழிப்பாங்க. சாயந்தரம் வரைக்கும் நிக்கிறவங்களும் உண்டு. சரி போங்கன்னு அனுப்பிடுவேன்."

"பொட்டலத்தை?"

"சில பேர் வெச்சுட்டுப் போயிடுவாங்க. யாராச்சும் கேட்டாக் குடுங்கம்பாங்க. ஒருத்தரும் கேக்கலை."

கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மேல் பலகை முழுக்கப் பொட்டலங்கள். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே பேனாவால் பேரும் தெருவும் எழுதியிருந்தது. அடியில் இருந்தவற்றைப் பூச்சி அரித்திருந்தது.

ஒன்றை எடுத்தார். "இந்த ஆலை?"

"பூட்டியாச்சுங்க."

இன்னொன்று.

"அதுவும்."

அவர் அடுத்ததைத் தொடவில்லை.

"மேல இருக்கே, அது இன்னிக்கு வந்தது" என்றாள் அம்மா. "எனக்குப் பின்னாடியே ஒரு பொம்பளை வந்தா. மத்தியானம் வரைக்கும் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. இன்னும் ஆலையை ஓட்டுறாளாம். இந்த வாரம் ஓட்டுவாளாம். அதுக்கு அப்புறம் தெரியாதாம்."

அவர் அதை எடுத்துக்கொண்டார். நூல் புதிதாக இருந்தது.

"நான் என்ன பண்ணணும்மா?"

அம்மா மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"உட்கார நாற்காலி இருக்குன்னு சொன்னீங்க. நம்பி வந்தேன். இடுப்பு போயிடுச்சு, வாத்தியாரே."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் ஏரிப் பக்கமாக நடந்தாள்.

அவர் வந்த வழியே அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது எதிர் நாற்காலி அவர் தலைமேல் இருந்தது. பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது.

செங்கோடன் குறுக்கே கை நீட்டினார். "மன்னிக்கணும் சார். சாமான் வெளியே போனா எழுதியே ஆகணும்."

"எழுதுங்க."

செங்கோடன் பதிவேட்டைத் திறந்தார். நாற்காலி, ஒன்று என்று எழுதினார். கொண்டுபோகிறவர், திருவேங்கடம் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"யாரைப் பார்க்கப் போறீங்க சார்?"

பேராசிரியர் நாற்காலியை இறக்கி வைத்தார். பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"பாவாயி" என்று படித்தார். "மேட்டுத் தெரு."