குறையாத பங்கு

சுனைக்குக் கீழே இருந்த மலைச்சரிவில் சடையன் என்ற முள்ளம்பன்றி வள்ளிக்கிழங்குத் தோட்டம் போட்டிருந்தது. தோட்டம் அதன் தனிச் சொத்தல்ல. தொடங்கிய வருஷம் முயலும் அணிலும் குரங்கும் இன்னும் பலவும் ஆளுக்கொரு குவியல் விதைக்கிழங்கு கொடுத்திருந்தன. அதற்காக ஒவ்வொரு பௌர்ணமி காலையிலும் விளைச்சலில் ஆளுக்குப் பத்துக் கிழங்கு பங்கு கிடைத்தது.

சுனைத் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் வாய்க்காலை மருதி என்ற பெருச்சாளியும் அதன் குடும்பமும் பார்த்துக்கொண்டன. மொத்தம் பன்னிரண்டு பேர். காவலுக்கு இரண்டு மயில்கள். எல்லாருக்கும் கூலி கிழங்குதான்.

ஒன்பது வருஷம் பங்கு ஒரு கிழங்குகூடக் குறைந்ததில்லை. சடையன் நடந்து வந்தால் மற்ற விலங்குகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மரியாதை சடையனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பத்தாம் வருஷம் மழை பொய்த்தது. சுனை மெலிந்தது. கொடிகள் வாடின. தோண்டிய இடத்தில் பாதிக் கிழங்குதான் கிடைத்தது.

இந்தத் தடவை ஐந்து ஐந்தாகக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்று சடையன் நினைத்தது. முதலில் நாச்சி என்ற முயலிடம் சொல்லிப் பார்க்கப் போனது. நாச்சிக்கு நான்கு குட்டிகள். சடையன் ஐந்து என்று பேச்சைத் தொடங்கியதுமே நாச்சி இடைமறித்தது. பங்கை நம்பித்தான் குட்டிகளை வளர்ப்பதாகச் சொன்னது. பக்கத்து மரத்திலிருந்து கடுவன் என்ற குரங்கு இறங்கி வந்தது.

"பங்கு குறைந்தால் தோட்டம் படுத்துவிட்டது என்று அர்த்தம். நான் கொடுத்த கிழங்கை நாளைக்கே தோண்டிக்கொண்டு போய்விடுவேன்" என்றது.

சடையன் உடனே பேச்சை மாற்றியது. பங்கு குறையாது, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வீடு திரும்பியது. எங்கேயாவது குறைத்தாக வேண்டும். பங்கில் கைவைக்க முடியாது என்றால் கூலியில்தான் கைவைக்க வேண்டும்.

முதலில் மயில்களை வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த மாதம் பெருச்சாளிகளில் ஆறு பேரை நிறுத்தியது. அதற்கடுத்த மாதம் மருதியையும் மீதிப் பேரையும் கூப்பிட்டு இனி வேலை இல்லை என்றது.

மருதி கெஞ்சவில்லை. "எல்லாருக்கும் அரைக்கூலி கொடுங்கள், முதலாளி. இருந்துகொள்கிறோம். மாதம் ஒரு தரம் சேறு எடுக்காவிட்டால் வாய்க்கால் தூர்ந்துபோகும்" என்றது.

"மழை வந்ததும் நானே கூப்பிடுகிறேன், மருதி."

"மழை வரும்போது நாங்கள் எங்கே இருப்போமோ" என்று சொல்லிவிட்டு மருதி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பௌர்ணமிக்கும் ஆளுக்குப் பத்துக் கிழங்கு கிடைத்தது. இந்தப் பஞ்சத்திலும் சொன்ன சொல் மாறாதவன் என்று எல்லாம் சடையனைக் கொண்டாடின. அது சிரித்துக்கொண்டே கிழங்கை எடுத்துக் கொடுத்தது. வீட்டில் அதன் சாப்பாடு என்னவோ மரப்பட்டைதான்.

பிறகுதான் காட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கெட்டது. அதுவரை நாச்சி சுனையோரம் கீரை பறித்துப் பெருச்சாளிகளிடம் கொடுத்துக் கிழங்கு வாங்கி வந்தது. இப்போது வாங்க ஆளில்லை. கீரை வாடிக் கிடந்தது. கூலிக்குக் கூடப் பறித்த சுண்டெலிகளை நாச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சுண்டெலிகள் அணிலிடம் கொட்டை வாங்குவதை நிறுத்தின. அணிலும் கையை இறுக்கிக்கொண்டது. எல்லாம் தத்தம் கையிலிருந்ததைப் பொந்துக்குள் போட்டு மூடிக்கொண்டன. எல்லார் கண்ணும் அடுத்த பௌர்ணமி மேலேயே இருந்தது.

காவல் இல்லாத தோட்டத்துக்குள் காட்டுப்பன்றிகள் புகுந்தன. வாய்க்காலில் சேறு ஏறியது. இருந்த கொஞ்சத் தண்ணீரும் கொடிகளுக்கு வந்து சேரவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சடையன் அடுத்த நடவுக்குப் புதைத்து வைத்திருந்த விதைக்கிழங்குக் குழிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தது. கடுவனின் முகம் நினைவுக்கு வந்தது. மண்ணைத் தள்ளிக் குழியைத் திறந்தது.

விதைக்கிழங்கு ஒரு பௌர்ணமிக்குத்தான் தாங்கியது. அடுத்த தடவை ஆளுக்கு இரண்டு கிழங்கு. அதற்கடுத்த தடவை கொடுக்க ஒன்றுமில்லை.

கடுவன்தான் முதலில் சரிவில் இறங்கித் தோண்டியது. அதைப் பார்த்து மற்றவையும் ஓடின. விரல் தண்டிகூட இல்லாத பிஞ்சுகளையும் கொடியோடு பிடுங்கின. சடையன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் சரிவு வெறும் குழிகளாகக் கிடந்தது.

நாச்சியின் கடைக்குட்டி அந்த வாரம் பட்டினியால் செத்துப்போனது. சடையன் துக்கம் கேட்கப் போனது. நாச்சி திட்டவில்லை.

"நீ ஐந்து என்றுதானே சொல்ல வந்தாய். ஐந்து கிழங்கில் இவன் பிழைத்திருப்பான். நான்தான் உன்னைச் சொல்லவிடவில்லை" என்றது.

"உன்னைக் கேட்காமலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றது சடையன்.

ஆவணி பிறந்ததும் மழை வந்தது, விடாமல் பெய்தது. சுனை நிரம்பித் தண்ணீர் வழிந்தது. தூர்ந்துபோன வாய்க்காலுக்குள் நுழைய முடியாமல் தோட்டத்தைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி ஓடியது. சடையன் மழையிலேயே மலையேறி மருதியைத் தேடிப் போனது.

அந்தப் பக்கத்துச் சரிவிலும் ஒரு தோட்டம் இருந்தது. வயதான உடும்பு ஒன்று அதை நடத்தியது. மருதி வாய்க்காலுக்குள் நின்று சேறு எடுத்துக்கொண்டிருந்தது. மெலிந்துபோயிருந்தது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் மலையைத் தாண்டி வந்து சேர்ந்தோம் என்று சொன்னது.

சடையனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. விதைக்கு நாலு கிழங்கு கிடைக்குமா என்று மெல்லக் கேட்டது. திரும்பி வரும்படியும் கேட்டது.

"கிழங்கு தரச் சொல்லி உடும்பு அண்ணனிடம் கேட்கிறேன். நான் வரமாட்டேன், முதலாளி. இங்கேயும் பஞ்சம்தான். பங்குக்காரர்களுக்குப் பாதிப் பங்கு, எங்களுக்குப் பாதிக்கூலி. பாதிப் பேர் உடும்பைத் திட்டினார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஆனால் வேலையாட்களில் ஒருத்தரையும் உடும்பு வெளியே அனுப்பவில்லை" என்றது மருதி.

சடையன் நாலு கிழங்கோடு திரும்பி வந்தது. ஒற்றை ஆளாக வாய்க்காலில் இறங்கிச் சேற்றைப் பறித்தது. ஒரு முழம் பறித்தால் அரை முழம் சரிந்து விழுந்தது. மழைக்காலம் முடிகிறவரை பறித்தும் பாதி வாய்க்கால்கூடத் திறக்கவில்லை. அந்த வருஷம் அதன்பிறகு எந்தப் பௌர்ணமிக்கும் யாரும் அந்தச் சரிவுக்கு வரவில்லை.

கெட்ட காலத்தில் பங்கு குறைந்தது என்று சொல்லக் கூசி உழைப்பவர்களை விரட்டுகிறவன், நல்ல காலம் வரும்போது பங்கும் இல்லாமல் ஆளும் இல்லாமல் நிற்பான்.