வான்மடல் வக்கீலிடம் கேட்ட இரண்டு சந்தேகங்கள்

குப்பை மின்னஞ்சலை ஒழிக்க ஊர்ப்பட்ட கணினிக்காரர்கள் கூடி ஒரு பொது விதி எழுதினார்கள். கடிதம் ஒன்று வந்தால், அதில் பெயர் போட்டிருக்கிறவர்தான் அனுப்பினாரா என்று அஞ்சலை வாங்கும் கணினியான சர்வர் சோதித்துவிட்டு உள்ளே விடவேண்டும். அவ்வளவுதான். விதியை வெளியிடப்போகும் நேரத்தில், வான்மடல் என்ற பெரிய மின்னஞ்சல் கம்பெனியின் வக்கீல் சபேசன் வந்து நின்றார்.

“இந்தச் சோதனைக்குக் காப்புரிமை எங்களுடையது. எங்கள் உரிமப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் யாரும் இதைத் தொடக்கூடாது!”

பெரிய பெரிய இன்ஜினியர்களெல்லாம் உரிமப் பத்திரத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் மரியசெல்வம் எழுந்தான். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“ஒரு சந்தேகம் சார். நாங்க கையெழுத்தும் போடாம, சோதனையே வேண்டாம்னு விட்டுட்டா உங்களுக்குச் சம்மதமா?”

“தாராளமாக விடுங்கள்.”

“விட்டா, ஊரை ஏமாத்துறவன் யார் பேரைப் போட்டு அனுப்புவான்? எங்க உப்பளச் சங்கத்துப் பேரைப் போட்டா எவன் ஏமாறுவான்? வான்மடல்னு போட்டாத்தானே சார் ஜனம் நம்பும்?”

வக்கீல் பத்திரத்தை மூடினார். வெளியே போய்ப் பத்து நிமிஷம் போனில் பேசிவிட்டுத் திரும்பினார்.

“சரி, உரிமம் தேவையில்லை. எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நாளைக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறோம்.”

“ரொம்ப நன்றி சார்.” மரியசெல்வம் இன்னும் உட்காரவில்லை. “இன்னொரு சந்தேகம். அந்த மெயில் நீங்க அனுப்பினதுதானான்னு சோதிச்சுப் பார்க்க எங்களுக்கு அனுமதி இருக்கா?”

சபேசன் அவனையே முறைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, உரிமம் தேவையில்லை என்று அங்கேயே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.