முக்காடன் வாயில் கைவிட்ட மந்திரி

முன்னொரு காலத்தில் சங்குத்துறை என்ற கடற்கரை நாட்டைக் கடுங்கோமான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் அவர் வீட்டு விளக்கை அணைத்தது.

வாடைக்காற்று உரத்து வீசும் காலம். ஒருநாள் சபையில், "என் மகன் ஆண்பிள்ளை என்றால், இன்றைக்கே தனியாகப் படகோட்டிப் போய் மணல்தீவைத் தொட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மந்திரி திருவுடையார் எழுந்து கும்பிட்டார். "காற்று சரியில்லை மகாராஜா. பிள்ளை இன்னொரு நாள் போகட்டுமே."

மந்திரி ஆசனத்தின் மேல் வெகுநாளாய்க் கண் வைத்திருந்தவர் வீரகண்டர் என்ற பிரதானி. "ராஜா சொன்னால் அலையே ஒதுங்கி வழிவிடும்! மந்திரியாருக்கு வயதாகிவிட்டது, காற்று என்று சொன்னாலே சளி பிடிக்கிறது" என்றார். சபை சிரித்தது. இளவரசன் இளங்குமணன் அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் படகேறப் போனான்.

படகு மட்டும்தான் திரும்பி வந்தது, கவிழ்ந்தபடி.

ராணி வடிவாம்பிகை சோற்றைத் தொடவில்லை. அப்படி ஒரு நிலை எந்தத் தாய்க்கும் வேண்டாம், சாமி. ராஜாவோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "என் பிள்ளையைக் கொன்றது யார்?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு தன் பக்கம் திரும்புவதற்குள் வீரகண்டர் முந்திக்கொண்டார். "முக்காடன்தான் மகாராஜா! கவிழ்ந்த படகைச் சுற்றிக்கொண்டே ஒன்று கிடந்ததே!"

முக்காடன் என்பது அந்தக் கடலில் மட்டும் இருந்த மிருகம். இரண்டு கட்டுமரம் நீளம். தலையில் முக்காடு போட்டாற்போல் ஒரு தோல் மடிப்பு. வேட்டைக்குப் போனால் அந்தத் தோலை வலைபோல் விரித்து, பட்ட இடமெல்லாம் தீயாய் எரியவைக்கும் சொறிமீன்களைக் கூட்டம் கூட்டமாய் அள்ளி விழுங்கிவிடும்.

"ஒன்றுகூட மிஞ்சக்கூடாது" என்றார் ராஜா. வீரர்கள் ஈட்டியோடு கரையோரமெல்லாம் அலைந்து குத்தினார்கள். தின்பாரில்லாமல் சொறிமீன் பெருகியது. வலையை இழுத்தால் மீனுக்குப் பதில் சளி சளியாய் அதுதான் வந்தது. பரதவர் கையெல்லாம் கொப்புளம். ராஜா காதில் எதுவும் விழவில்லை.

படகருகே கிடந்த முக்காடனை மட்டும் வீரகண்டர் உயிரோடு பிடித்து, அரண்மனையை ஒட்டிய உப்புநீர்க் குளத்தில் விட்டிருந்தார். சபை பார்க்கக் குத்திக் கொல்வதாக ஏற்பாடு. ஆட்டுக்கறி போட்டார்கள், மீன் போட்டார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பார்த்தீர்களா! ராஜகுமாரனைத் தின்ற வயிற்றுக்கு ஆட்டுக்கறி இறங்குமா?" என்றார் வீரகண்டர். ராணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மந்திரி துறைப்பக்கம் போய், மீன் உலர்த்தும் பெண்களிடம் வெகுநேரம் விசாரித்துவிட்டு வந்தார்.

கொல்ல வேண்டிய நாளில் அவர் முன்னே வந்து நின்றார். "மகாராஜா, ஒரு விண்ணப்பம். நான் அதன் வாய்க்குள் கையை விடுகிறேன். கடித்தால் அது கொலைகார மிருகம்தான், என் பதவி வீரகண்டருக்கு. கடிக்காவிட்டால், ஏன் கடிக்கவில்லை என்று நான் சொல்வதைக் கேட்க வேண்டும்."

"சரி" என்றார் ராஜா.

வீரகண்டருக்கு வாயெல்லாம் பல். "மந்திரியாரே, முத்திரை மோதிரத்தை இப்போதே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மிருகத்தின் வயிற்றில் யார் தேடுவது?"

"நீங்களும் கூட வாருங்கள் ஐயா, கையோடு வாங்கிக்கொள்ளலாம்."

"எனக்கு... இன்று விரதம். தண்ணீரில் இறங்கக்கூடாது."

"குளிக்காமல் இருக்கும் விரதத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்" என்று சொல்லிவிட்டு மந்திரி குளத்தில் இறங்கினார்.

அந்தப் பெரிய மிருகம் சுவரோடு சுவராய் ஒடுங்கியது. அவர் அதன் உதட்டைத் தடவிக்கொடுத்து, முழங்கை வரை உள்ளே விட்டார். கையை வெளியே எடுத்தபோது, உள்ளங்கையில் ஒரு குட்டி. சின்னஞ்சிறு முக்காட்டோடு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தாய் கடிக்கவில்லை. அவர் கை போகிற பக்கமெல்லாம் நடுங்கிக்கொண்டே தலையைத் திருப்பியது.

"பிள்ளை பெற்றவள், மகாராஜா. குட்டிகளை வாய்க்குள் வைத்துத்தான் வளர்ப்பாள். அதுகள் நீந்திப் போகும்வரை தொண்டை அடைத்தே இருக்கும். ஒரு வாய் தின்ன மாட்டாள். ஆண்களெல்லாம் வாடைக் காலத்தில் சொறிமீனைத் துரத்திக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடும். இந்தக் காலத்தில் கரையோரம் கிடப்பவை எல்லாம் தாய்கள்தான். பரதவர் கண்ணில் பட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிப் போவார்களாம். நாம் குத்திக் கொன்றது இவர்களையும், வாயைவிட்டு நீந்திப் போனதும் கரையோரச் சொறிமீனைத் தின்று தீர்க்கும் இவர்கள் குட்டிகளையும்தான்."

"அப்படியானால் என் பிள்ளையைக் கொன்றது யார்?"

மந்திரி தலைகுனிந்து, குட்டியைத் தாயின் வாயிலேயே விட்டார்.

"காற்று மகாராஜா! காற்றுதான்!" என்றார் வீரகண்டர்.

ராஜா மெல்லத் திரும்பினார். "அந்தக் காற்றில் போகச் சொன்னது யார், வீரகண்டரே?"

வீரகண்டர் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் சொன்னேன். அலை ஒதுங்கும் என்று நீர் சொன்னீர்." ராஜாவின் குரல் உடைந்தது. "பிரதானிப் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் துறைக்குப் போம். கடல் பழையபடி ஆகும்வரை பரதவர் வலையில் சிக்கும் சொறிமீனை எடுத்துப் போடுவது உம் வேலை." மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை வேண்டாம் மகாராஜா. குளத்தின் கடல்பக்க மதகைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஈட்டிகளும் வீடு திரும்பட்டும்."

மதகு திறந்தது. பட்டினியில் இளைத்த அந்தத் தாய் வாயை இறுக மூடியபடி மெதுவாகக் கடலுக்குள் போனாள். பிழைத்தாளோ என்னவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ராஜா அந்தப்புரத்துக்குப் போய் ராணியின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "வடிவு, பிள்ளையை நான்தான் அனுப்பினேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் ராணி. "நீங்களே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்."

அதன் பிறகுதான் ராஜா வாய்விட்டு அழுதார். பிள்ளை போய் அத்தனை நாள் கழித்து, அன்றைக்குத்தான் அந்த அரண்மனை துக்க வீடாயிற்று.