ரெண்டாவது றெக்கை

“இனி எனக்குக் கத்துக்குடுக்க உங்ககிட்ட என்னங்க டீச்சர் பாக்கி இருக்குது?”

கேட்டவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. பல்லடத்தில் பம்புசெட் பட்டறை. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய மரச் சட்டங்களை ஒட்டி, தன் கையாலேயே ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

டீச்சர் பெனிட்டாவுக்கு முப்பத்து மூன்று. விமானத் தொழிற்சாலையில் பத்து வருஷம் றெக்கை வேலையே பார்த்தவள். அவள் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் றெக்கையை மாட்டலாம். இல்லையென்றால் விமானம் ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

“இடது றெக்கைக்குப் பதினோரு மாசம். பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தீங்க, கையெழுத்தும் போட்டீங்க. வலதை நாலே மாசத்துல, உங்களைக் கூப்பிடாமயே முடிச்சுப்போட்டனுங்க. பழசைப் பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்து, அச்சு அசலா அதே மாதிரி!”

பெனிட்டா டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு மூட்டாக விரலால் தட்டிக் கேட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

“ஒரு குறைகூட இல்லை சார். இவ்வளவு சுத்தமான வேலையை நான் பாத்ததே இல்லை.”

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். இருக்காதா பின்னே?

“இப்படி நடுவுல வந்து நில்லுங்க. நீங்கதான் விமானம். மூக்கு வாசல் பக்கம். ரெண்டு கையையும் விரிங்க.”

விரித்தார்.

சக்கர ஸ்டாண்டில் இருந்த முதல் றெக்கையை அவர் இடது பக்கம் தள்ளினாள். மாட்டுகிற முனை அவர் தோளருகே. தடித்த முன்விளிம்பு வாசல் பக்கம். சரி.

புதிதை வலது பக்கம் தள்ளினாள். மாட்டுகிற முனை தோளருகே.

முன்விளிம்பு பின்சுவரைப் பார்த்தது.

“திருப்பி வைங்க டீச்சர்.”

திருப்பினாள். விளிம்பு வாசல் பக்கம் வந்தது. மாட்டுகிற முனை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

“கவுத்துப் போட்டா?”

“வளைஞ்ச மேல்பக்கம் கீழ போயிடும். பூமிக்குள்ளதான் பறக்கணும்.”

நாச்சிமுத்து தன் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். அட கடவுளே! அச்சு அசலாக இரண்டு இடது றெக்கை.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. விரித்த கையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

பெனிட்டா பேனாவைத் திறந்து புது றெக்கையில் எழுதினாள்: ‘இடது. குறையில்லை.’ கீழே கையெழுத்தும் போட்டாள்.

“கேலி பண்றீங்களா?”

“கேலிக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடறதில்லை சார். ஒரு விமானத்துக்கு இடது ஒண்ணு போதும். எதை வெச்சுக்கறீங்க?”

அவர் பழசைப் பார்த்தார். பறக்கும்தான். ஆனால் அதில் பாதி மூட்டு டீச்சர் பிடித்துக் கொடுத்தது. புதிதில் ஒரு மூட்டில்கூட அடுத்தவர் கை படவில்லை.

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

“இந்தப் பழசை ஓரங்கட்ட ஒரு கை பிடிங்க டீச்சர். வலது றெக்கை கட்ட எடம் வேணுமில்லீங்களா?”