வெயிலில் பெய்த மழை

வெயில் காய்ந்த நாளில் ஒருவரை மழை கொன்றது. எப்படி, சொல்லுங்கள் பார்ப்போம்?

தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில், எத்தனை முறை கேட்டும் மேனேஜர் சரிசெய்து தராத விரிசல் சுவர் இடிந்து சன்னாசி செத்துப்போனார். ஆபீஸ் வாசல் அறிவிப்புப் பலகை முன்னால், எல்லாரும் பார்க்க, மேனேஜர் சன்னாசியின் மகள் பூவாயியிடம் சாக்பீஸை நீட்டினார்.

"இங்கிலீஷ் படிக்கிறியாமே! 'மழையால் இறந்தார்'னு பலகையில எழுது. காரணம் சொல்ல டியூ டு, ஓயிங் டு, பிகாஸ் ஆஃப், இதுல எது சரி? தப்பா எழுதினா வீட்டைக் காலி பண்ணணும்."

"மூணுமே சரிதாங்கய்யா. மழைதான் தப்பு. சுவர் இடிஞ்ச அன்னிக்கு வெயிலுக்கு இதே தொப்பியைப் போட்டுக்கிட்டுத்தானே வந்து பார்த்தீங்க?"

கூட்டம் தொப்பியைப் பார்த்தது. மேனேஜர் அதைக் கழற்றினார்.

"வீடு வேணுமா, வேண்டாமா?" என்றார்.

பூவாயி 'பிகாஸ் ஆஃப்' என்று எழுதி, பக்கத்தில் மேனேஜரின் பெயரை எழுதினாள்.