மாப்பிள்ளையை வெளியே நிறுத்திய கதவு

வேலங்குடி நாட்டை ஆண்ட செங்கோடருக்கு இரண்டு ஆசைகள். அரண்மனையில் எல்லாமே கணினியில் ஓட வேண்டும். தன் பெயருக்கு முன்னால் பட்டங்கள் கூடிக்கொண்டே போக வேண்டும். இளவரசியின் கல்யாண நாள் வரை இந்த இரண்டு ஆசைகளும் சண்டையில்லாமல்தான் இருந்தன.

அன்று காலை மாப்பிள்ளை ஊர்வலம் மேளதாளத்தோடு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. யானை முட்டினாலும் அசையாத இரும்புக் கதவு அது. அரசரின் முழுப்பெயரைக் கணினியில் தட்டினால்தான் திறக்கும். தட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம்.

"அந்தக் கணினியை வைத்தவன் சாத்தன்தான், மாமன்னா" என்று எடுத்துக் கொடுத்தார் அமைச்சர் மழவராயர். அவை விகடகவியான சாத்தன் பேசினால் அவையே சிரிக்கிறது என்பதில் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"சாத்தா! முகூர்த்தத்துக்குள் கதவு திறக்காவிட்டால் நீ நாட்டைவிட்டே வெளியேற வேண்டும்!"

"வெளியேறவும் அந்தக் கதவு திறக்க வேண்டுமே, அரசே."

அரசர் சிரிக்கவில்லை. வெயிலில் நின்ற சம்பந்தி, யானையைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்திருந்தது.

"இணையத்தில் கணினிக்காரர்கள் கூடும் மன்றம் ஒன்று உண்டு. அங்கே கேட்கலாம்" என்றான் சாத்தன்.

"நானே கேட்டுவிட்டேன். ஒருவனும் உதவவில்லை!"

சாத்தன் திரையைப் பார்த்தான். அரசர் எழுதியிருந்தார்: 'அவசரம்!!! கதவு வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்க. தவறினால் தலை போகும். இப்படிக்கு, ராஜாதி ராஜ, ராஜ கம்பீர...' பட்டங்கள் திரையைத் தாண்டிப் போயின. கீழே ஒரே ஒரு பதில்: 'எந்தக் கதவு? யார் தலை?'

"அரசே, வைத்தியரிடம் போய், 'உடம்பு சரியில்லை, குணப்படுத்து, இல்லாவிட்டால் தலையைச் சீவிவிடுவேன்' என்று மட்டுமா சொல்வோம்? எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டாமா? இவர்கள் சம்பளம் வாங்காமல் உதவுகிறவர்கள் வேறு. திரையில் என்ன வந்தது?"

"ஏதோ சிவப்பாக வந்தது. அபசகுனம் என்று மூடிவிட்டேன்."

சாத்தன் கணினியை அணைத்துப் போட்டு, பெயரை மறுபடி தட்டச் சொன்னான். சிவப்பு எழுத்துகள் வந்தன. ஓர் எழுத்து விடாமல் பிரதி எடுத்துக்கொண்டான்.

"நேற்று மாலை வரை திறந்திருக்கிறது. இன்று காலை இதில் கை வைத்தது யார்?"

மழவராயர் கூரையைப் பார்த்தார்.

சாத்தன் பெருமூச்சு விட்டான். "உலகமே படிக்கிற மன்றம். கல்யாண நாளும் அதுவுமாக இந்தக் கணினிக்கு மெருகேற்றியவரின் பெயரைப் போடலாம் என்று பார்த்தேன். சரி, போகட்டும்..."

"நில்!" மழவராயர் முன்னால் பாய்ந்தார். "நான்தான்! 'சம்பந்தி கொண்ட சக்கரவர்த்தி' என்ற புதுப் பட்டத்தை அரசர் பெயரோடு சேர்த்தது நான்தான்! எழுதிக்கொள், மழவராயர். ழகரம் சரியாக இருக்கட்டும்."

சாத்தன் சொன்ன சொல் தவறாமல் எழுதினான்: 'வணக்கம். நான் புதியவன். பெயரைத் தட்டினால் திறக்கும் கதவு இது. நேற்று மாலை திறந்தது. இன்று காலை அமைச்சர் மழவராயர் அந்தப் பெயரில் ஒரு பட்டம் சேர்த்தார். அதன் பிறகு கீழே உள்ள செய்தி வருகிறது. அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டோம். எங்கே தவறு?'

வெற்றிலை மெல்லும் நேரத்தில் பதில் வந்தது: 'பெயருக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. புதிதாகச் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். தெளிவாகக் கேட்டதற்கு நன்றி.'

"அரசரின் பட்டத்தைக் குறைப்பதா? ராஜத் துரோகம்!" என்று கத்தினார் மழவராயர்.

வெளியே யானை திரும்பும் மணியோசை கேட்டது.

"எடுய்யா அதை!" என்றார் அரசர். "சம்பந்தியே போய்விட்டால் அந்தப் பட்டம் எதற்கு?"

எடுத்தார்கள். கதவு திறந்தது. மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

தாலி ஏறியதும் அரசர் சாத்தனைத் தேடி வந்தார். அவன் மன்றத்தில், 'பட்டத்தை எடுத்தோம், கதவு திறந்தது, நன்றி' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"காரியம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன எழுதுகிறாய்?"

"நாளை வேறோர் அரசரும் இதே மாதிரி மாட்டிக்கொள்வார், அரசே. தேடினால் கிடைக்கட்டும்."

"அது இருக்கட்டும். என் கதவைப் பற்றிக் கேட்கும்போது புதியவன் என்றா எழுதுவது?"

"புதியவனின் கேள்வி உள்ளே போய்விட்டது. மாமன்னரின் கேள்வி இன்னும் வாசலிலேயே நிற்கிறது, காலையில் மாப்பிள்ளை நின்ற மாதிரி."

அரசர் தலைப்பாகை நழுவும் அளவுக்குச் சிரித்தார். "கேள், சாத்தா! என்ன பரிசு வேண்டும்? 'கதவு திறந்த கணினிப் பேரரையன்' என்று உனக்கும் ஒரு பட்டம் தரட்டுமா?"

சாத்தன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பட்டம் மட்டும் வேண்டாம், அரசே. கதவு தாங்காது."